நான்காவது துண்டு

நைட் கார்டு மூன்று துண்டாகக் கிடைத்தது. ஒன்று குளியலறைக் கதவுக்குப் பின்னால், ஒன்று கட்டிலுக்கு அடியில், ஒன்று குழந்தை அணிலின் தலையணை உறைக்குள். மணி பத்தேகால். என் நாத்தனார் வரும் பஸ் பதினொன்றுக்கு. தன் அக்காவை அழைத்துவர என் வீட்டுக்காரர் அப்போதே கிளம்பிப் போய்விட்டார்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் தட்டுதான் நைட் கார்டு. கண்ணாடி நிறத்தில் கெட்டியான பிளாஸ்டிக். அதைச் செய்வது என் பிழைப்பு. பல் செட், தொப்பிப் பல், கிளிப் வைத்த தட்டு எல்லாம் செய்கிற லேபில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். இதையும் நான்தான் செய்தேன். யாரும் கேட்காமல், செய்யாதே என்று சொன்ன பிறகும் செய்தேன்.

துண்டுகளைப் பொறுக்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் அணிலின் பல் மாடலை வைத்து அதன் மேல் அடுக்கினேன். உடைந்த பல் செட் வந்தால் லேபில் முதலில் இதைத்தான் செய்வோம். பிளாஸ்டர் மாடல் மேல் உட்கார வைத்துப் பார்த்தால் ஒட்ட முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். மூன்றும் கச்சிதமாக உட்கார்ந்தன. இடது பக்கம், கடைவாய்ப் பல் இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பிளாஸ்டர் தெரிந்தது.

நான்காவது துண்டைக் காணோம். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும், ஓரம் பிளேடு மாதிரி கூர். ஆறரை வயதுக் குழந்தையின் தொண்டைக்கு அந்த அளவு தாராளம்.

"அணில், இங்க வா."

வந்தாள். மேஜையைப் பார்த்தாள். கவுனின் இரண்டு பைகளிலும் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"இதுல ஒரு துண்டு இல்ல. முழுங்கிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப எங்க?"

தலை ஆடவில்லை.

"வாயைத் திற, பாக்கறேன்."

திறக்கவில்லை. காதுக்குக் கீழே தாடைச் சதை உருண்டு எழும்பியது. பகலிலேயே கடிக்கிறாள். இரண்டு மாதமாக நான் பார்த்துப் பார்த்து வயிறெரிகிற உருண்டை அது.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் அவளுக்குச் சித்தி. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. முதலாமவள் என்றால் ஜனங்களுக்கு மிட்டாய் ஞாபகம் வரும், இரண்டாமவள் என்றால் சூட்டுக்கோல். நான் இரண்டாமவள். அணிலைப் பெற்றவள் அவளுடைய மூன்றாவது வயதில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் இரண்டரை வருஷம் அத்தைதான், அதாவது என் நாத்தனார்தான், அவளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். குறை சொல்வதற்கில்லை, கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம். கல்யாணத்தன்று குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போகும்போது அந்த அம்மாள் வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். குரலும் கொஞ்சம் கனம். லேபில் நாள் முழுக்க மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. ஆனால் அவளை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. அவள் சாப்பாட்டில், துணிமணியில், படிப்பில் நான் குறை வைத்ததாக யாரும் பல்லின் மேல் நாக்கைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.

அவளும் என்னோடு ஒட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். வேலை மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்வேன். மேஜைக்கு எதிரே முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பாள். லேபில் பல்லின் நிறத்துக்கு எழுத்தும் எண்ணும் உண்டு, எண் ஏற ஏறப் பல் மஞ்சள். அதை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். "மாடி வீட்டு மாமா பல்லு ஏ நாலு, சித்தி. டீச்சர் பல்லு ஏ ஒண்ணு." மாமாவின் முகத்துக்கு நேராகவே ஒரு நாள் சொல்லிவிட்டாள். அந்த மனுஷர் அதற்கப்புறம் எங்களைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நாத்தனார் வந்து ஒரு வாரம் தங்கினார். குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டவர், காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே வந்து, காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறா. செங்கல்லைத் தரையில இழுக்கிற மாதிரி சத்தம். என்கிட்ட இருந்தப்ப ஒரு நாள் கடிச்சதில்ல, தம்பி. பயந்த பிள்ளைதான் இப்படிக் கடிக்கும்."

சொன்னது தம்பியிடம், பார்த்தது என்னை. தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் நின்றுபோன லிஃப்டின் கதவைத் திறந்துவிடுவார், தன் வாயைத் திறக்கத் தெரியாது. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"வயித்துல பூச்சி இருந்தாலும் கடிப்பாங்க அண்ணி" என்றேன். "மாத்திரை வாங்கிக் குடுக்கறேன்."

"குடு. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். அதுக்குள்ள நிக்கலைன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். தம்பி, என்ன சொல்ற?"

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக மூன்று நாள் அவரிடம் நான் பேசவில்லை. அவருக்கு அது தண்டனையாகத் தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

பூச்சி மாத்திரை கொடுத்தேன், இரண்டு தடவை. மூக்கடைப்பா என்று பார்த்தோம், டான்சில் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கள் லேபுக்கு வேலை அனுப்பும் குழந்தைகள் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா நிதானமானவர். அணிலின் பல்லைப் பார்த்து, சிரிக்கவைத்து, வெளியே பொம்மை எடுக்க அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார்.

"பால்பல்லு கொஞ்சம் தேஞ்சிருக்கு. ராத்திரி கடிக்கிறதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். நிறைய பிள்ளைங்களுக்கு வளர வளர தானா போயிடும்."

"ஒரு நைட் கார்டு போட்டுடலாமா டாக்டர்? நானே பண்ணிடறேன்."

"வேண்டாம். பல்லு விழுந்து முளைக்கிற வயசு, தாடை வளர்ற வயசு. தட்டைப் போட்டு அதை ஏன் பிடிச்சு வைக்கணும்? எனக்கு உறுத்தறது வேற. பகல்லயும் கடிக்கிறாளே, முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே. ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேங்கிறா."

"எப்படிக் கேட்டீங்க?"

எப்படிக் கேட்பது? 'ஏண்டி கடிக்கிற?' என்றுதான் கேட்டேன். டாக்டர் புரிந்துகொண்ட மாதிரி சிரித்தார். உதடு சேர்ந்திருக்கணும், பல்லு பிரிஞ்சிருக்கணும், அதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். என் கண்ணில் நின்றதெல்லாம் காலண்டர்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

டாக்டர் வேண்டாம் என்ற வேலையை லேப் தொடக்கூடாது. எங்கள் தொழிலில் அது பாலபாடம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே அச்சுப் பசையைக் குழைத்து அவள் வாய்க்கு அளவெடுத்து, லேபில் எல்லோரும் போன பிறகு தட்டைச் செய்து முடித்தேன். என் கையால் அத்தனை மெல்லிசாக, அத்தனை வழுவழுப்பாக நான் எதையும் தேய்த்ததில்லை.

மாட்டிப் பார்த்தபோது அவள் அழவில்லை. "இது இருந்தா கடிக்க முடியாதா சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியாது. பல்லோட பல்லு சேராது" என்றேன், பெருமையாக.

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

அவள் முகம் செத்துப்போனது. புதுசு, உறுத்தும், பழகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தினம் காலையில் தட்டு எங்கேயாவது கழன்று கிடக்கும். தூக்கத்தில் துப்பிவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நினைத்துக்கொண்டேன்.

இப்போது அது மூன்று துண்டாக மேஜையில் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"திட்டறதை நாளைக்கு வச்சுக்கறேன். இருமறாளா? மூச்சு வாங்கறாளா? எச்சில் ஒழுகுதா?"

"இல்ல. நல்லா நிக்கிறா. வாயைத்தான் திறக்க மாட்டேங்கிறா."

"முதல்ல வாய்க்குள்ள பாருங்க. அப்புறம் வீட்டைத் தேடுங்க. கிடைக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் வந்துடறேன். எக்ஸ்ரேல தெரியும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க, அந்த பிளாஸ்டிக் அதுல தெரியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். எனக்குத் தெரிந்திருந்துதான் செய்தேன்.

குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைக் கழற்றிக் கையை விட்டேன். குப்பைத் தொட்டியைப் பேப்பரில் கவிழ்த்தேன். கட்டிலைத் தனியாக இழுத்தேன். குளியலறைக் கதவின் கீல் இடுக்கில் பிளாஸ்டிக் பொடி ஒட்டியிருந்தது. அங்கே வைத்துக் கதவைச் சாத்தி உடைத்திருக்கிறாள். தானாக உடையவில்லை, திட்டம் போட்டு உடைத்திருக்கிறாள். கோபம் தலைக்கு ஏறியது. பத்து ஐம்பதாகியிருந்தது.

அவள் மேஜைப் பக்கத்து நாற்காலியில், கால் தரையில் படாமல், உட்கார்ந்திருந்தாள். தாடையில் உருண்டை அப்படியே இருந்தது.

"எதுக்குடி உடைச்ச? எங்க அந்தத் துண்டு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயைத் திற. ஒரே ஒரு நிமிஷம். ஆ காட்டு."

உதடு வெளுத்துப்போயிருந்தது.

"உனக்கு என்னை என்னதான் பண்ணனும்? உங்க அத்தை வந்து பாத்தா என்ன ஆகும்னு தெரியுமா? வாயைத் திறடி."

முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அவள் பின்தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாடையைப் பிடித்தேன். நோயாளிகளின் வாயை டாக்டர்கள் பிடிக்கிற பிடி. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, பல் விடவில்லை. என் விரலுக்கு அடியில் அந்தச் சதை கல்லாக இருந்தது. அந்தச் சின்னத் தாடையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

"கையை எடு."

வாசலில் நாத்தனார். பின்னால், அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர். பஸ் சீக்கிரமே வந்திருக்கிறது. என் நேரத்துக்கு அன்றைக்குத்தான் அது சீக்கிரம் வரும்.

கையை எடுத்தேன். அவள் கன்னத்தில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதை நான் பார்த்ததைவிட நன்றாக நாத்தனார் பார்த்தார்.

"அண்ணி, ஒரு துண்டு காணோம், தொண்டையில போயிருந்தா..."

"நீ பேசாத. தம்பி, பிள்ளையோட துணியை எடுத்து வை."

என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. என் உயிரில் பாதி அங்கேயே போய்விட்டது. அவள் இல்லாத வீட்டில் நான் யாருக்குப் பல்லின் நிறம் சொல்வேன்? நான் யாருக்குச் சித்தி?

நாத்தனார் அணிலின் முன்னால் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் துடைத்தார். அவருடைய குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

"வா கண்ணு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது போதும். அத்தை வந்துட்டேன்ல. நம்ம வீட்டுக்குப் போகலாம்."

அணில் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பல்லைப் பிரிக்காமலேயே பேசினாள். வார்த்தை இடுக்கு வழியாக வந்தது.

"போதாது. இன்னும் முடியும்."

"என்ன கண்ணு?"

"எனக்கு இன்னும் கடிக்க முடியும் அத்தை. முடியலைன்னாதான் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னீங்க. எனக்கு முடியுது. பாருங்க." உதட்டை மட்டும் விரித்துக் காட்டினாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இறுக்கி நின்றன.

உள்ளே அலமாரிச் சத்தம் நின்றது.

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் நாத்தனார். கேட்கும்போதே அவருக்கு நினைவு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"கல்யாணத்தன்னிக்கு. வாசல்ல. 'பல்லைக் கடிச்சுக்கிட்டு இங்க இரு, முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, அத்தை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்'னு சொன்னீங்க. நான் அன்னிலேர்ந்து கடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஸ்கூல்லகூட. தூங்கறப்பதான் விட்டுப் போயிடுமோன்னு பயம்." மூச்சு வாங்கினாள். "சித்திதான் கடிக்க முடியாம அந்தத் தட்டைப் பண்ணிட்டாங்க. சித்திக்கு என்னை அனுப்பிடணும்."

எல்லோரும்தான் சொல்கிறோம். வேலைக்குப் போகிறவளிடம், ஆஸ்பத்திரியில் கிடப்பவரிடம், பரீட்சைக்குப் படிக்கிறவனிடம், கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு என்று. யாராவது போய்ப் பல்லைக் கடிக்கிறோமா? இவள் கடித்திருக்கிறாள். பதினோரு மாதம், இங்கே இருப்பதற்காக.

"அதுக்குத்தான் உடைச்சியா?" என்று கேட்டேன். இந்தத் தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலையாட்டினாள். கவுன் பைக்குள் கையை விட்டு, பென்சில் சீவலோடு சேர்த்து நான்காவது துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எல்லாத் துண்டும் இருந்தா ஒட்டிடுவீங்க. அதான் ஒண்ணை எடுத்து வச்சேன்."

என் மேஜைக்கு எதிரே முழங்கையை ஊன்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டது. நான் அந்தத் துண்டை எடுத்து, மற்ற மூன்றோடு சேர்த்து, மாடலையும் சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் பார்க்கவில்லை, நாத்தனார் பார்க்கிறாரே என்றும் பார்க்கவில்லை.

"உன்னை அனுப்பறதுக்கு இல்லடி. உன்னைக் கூட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு பண்ணேன்."

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அவளுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தானே, நான் சொல்லி என்ன ஆகும்? தாடை இன்னும் இறங்கவில்லை.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது லேசில்லை. இரண்டரை வருஷம் வளர்த்த பிள்ளை, தன்னோடு வராமல் இருக்கத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்பதை எந்த மனுஷியும் உடனே விழுங்கிவிட முடியாது. என் வீட்டுக்காரர் கையில் சின்னச் சட்டை ஒன்றோடு அறை வாசலுக்கு வந்திருந்தார்.

"அக்கா" என்றார். "அவ இங்க இருக்கட்டும்."

கல்யாணமான நாளாக அவர் வாயிலிருந்து முழுசாக வந்த வாக்கியங்களை எண்ணிவிடலாம். அதில் அது ஒன்று.

நாத்தனார் அணிலின் இரண்டு காதுக்கும் கீழே, அந்த உருண்டை இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தார். அழுத்தாமல் சும்மா வைத்தார்.

"அத்தை தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. இனிமே கடிக்க வேண்டாம். கடிக்காம இரு."

அணில் அவரைக் கூர்ந்து பார்த்தாள். ஒரு தடவை ஏமாந்தவள் இரண்டாம் தடவை நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டாமா?

"கடிக்காம எங்க இருக்கணும்?"

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இங்கதான். உன் சித்திகிட்ட."

அணில் வாயைத் திறந்தாள். தேய்ந்து தட்டையாகிப்போன பால்பற்கள் எல்லாம் தெரிந்தன. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தாடை வலித்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே திறந்த வாயோடு திரும்பி, அத்தையின் பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்தைக்கு ஏ மூணு, சித்தி" என்றாள்.